கத்தாத பிரேக்

டோரதி அக்காவின் காரில் முன் சீட்டு என்னுடையது. அந்தப் பக்கம் பிரேக் கிடையாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் காசிமேட்டைத் தாண்டி எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஏறியதும் என் வலது கால் தானாகத் தரையை மிதிக்க ஆரம்பித்துவிடும். முன்னால் போகிற கன்டெய்னர் லாரியின் பின்விளக்கு சிவந்தால் போதும், அக்கா மிதிப்பதற்கு முன்னால் நான் மிதித்திருப்பேன். "டீச்சர், அங்க ஓட்ட போட்டுடாத. அப்பால நீ ரோட்டுல ஓடிகினே வரணும்" என்று அக்கா கிண்டல் செய்வார்.

அந்தக் கிண்டல் ஒரு கட்டத்தில் நின்றுபோனது. அது ஏன் நின்றது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் அக்காவைப் பற்றி. ராயபுரத்தில் என் வீடு இருக்கிற சந்திலேயேதான் அவர் வீடும். நாற்பது வயதுவரை காசிமேட்டில் ஒரு இறால் கம்பெனியில் உட்கார்ந்து இறால் உரித்தவர். ஸ்டீயரிங் பிடிப்போம் என்று அவரே நினைத்திருக்க மாட்டார். அந்த வீட்டில் டிரைவர் என்றால் அவர் புருஷன் ஜெரால்ட் அண்ணன்தான், விசைப்படகு டிரைவர். கடலுக்குள் வலை இழுக்கும்போது அவருடைய இடது கை, வலைக் கயிற்றைச் சுற்றி இழுக்கிற விஞ்ச் உருளையில் மாட்டி விரல்கள் போய்விட்டன. அதற்கப்புறம் எந்தப் படகு முதலாளியும் அவரைக் கூப்பிடவில்லை. எதிரில் பார்த்தால் மட்டும் "எப்டி கீற ஜெரால்டு?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அந்த விசாரிப்பைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணன் வீட்டோடு முடங்கினார். அக்கா டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். கூடப் படித்த பையன்கள் "ஆன்ட்டி, ஏரோபிளேனா ஓட்டப் போற?" என்று ஓட்டினார்கள். அக்கா வாயைத் திறக்காமல் லைசென்ஸ் வாங்கி, ஒரு பழைய காரையும் வாங்கினார். திருவொற்றியூரில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு என்னையும் மூன்று பிள்ளைகளையும் காலையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டிவருவார். மகிழினி, அபின், ஹெப்சிபா என்று அந்த மூன்றும் பின் சீட்டில் செய்யாத அட்டகாசம் கிடையாது. அக்கா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ரோட்டைத் தவிர வேறு எதையும் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

அவர் பயந்த சுபாவம். பயந்தவர்கள்தான் வண்டியை ஒழுங்காக ஓட்டுவார்கள் என்பது என் கட்சி. எங்கள் ஊர் ரோட்டில் பயமில்லாமல் ஓட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன், அவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீச்சர் வாயில் வரக்கூடாத வார்த்தை வந்துவிடும். அக்கா வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் சிலுவை போட்டுக்கொள்வார். சந்திலேயே நாலடி நகர்த்தி பிரேக்கை மிதித்துப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் பிள்ளைகளை ஏறச் சொல்வார்.

கார் வந்த பிறகு ஜெரால்ட் அண்ணன் மாறினார். அதுவரை ஒரு வருஷத்துக்கு மேல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனிதர், காலையில் முதல் ஆளாக எழுந்து வாளியும் துணியுமாக வெளியே வந்தார். வலது கையால் துடைப்பார், விரலில்லாத இடது கையால் காரைத் தாங்கிப் பிடித்துக்கொள்வார். காருக்கு வலிக்குமோ என்பதுபோல அவ்வளவு மெதுவாகத் துடைப்பார். "கடல்காத்துல இரும்ப சொம்மா வுடக்கூடாது டீச்சர், தின்னுடும்" என்பது அவருடைய மந்திரம். படகில் இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். இரும்பு கத்தினால் அவருக்குப் பொறுக்காது. ஒரு பாட்டிலில் மீன் எண்ணெய் வைத்திருப்பார். படகுக்குப் பூசுகிற எண்ணெய்தான் அது. எங்கள் சந்தில் எந்தக் கதவும் கிறீச்சிடாது, என் வீட்டுத் தாழ்ப்பாள் உட்பட. பொம்பளைகள் எல்லாம் "புருசன்னா இப்டி இருக்கணும்" என்று அக்காவிடம் சொல்வார்கள். அக்காவுக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் கார் கத்த ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தால் முன் சக்கரத்திலிருந்து கிறீச்சென்று ஒரு சத்தம். நாள் போகப் போகச் சந்து முனையிலிருந்தே கேட்டது. டோல்கேட் பக்கம் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் வெற்றி சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "பேடு தேஞ்சி பூட்ச்சிக்கா. புச்சு வாங்கியா, மாட்டிடலாம்" என்றான். பேடு என்பது உள்ளங்கை அகலத்தில் இருக்கும் ஒரு கட்டை. பிரேக்கை மிதித்தால் சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டை அதுதான் இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து நிறுத்துகிறதாம். இத்தனை நாளும் எங்கள் ஐந்து பேர் உயிரும் அந்தக் கட்டையில்தான் இருந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தெரியாமலே இருந்திருக்கலாம்.

மெக்கானிக் சொன்னது இருக்கட்டும், அதற்குள் மகிழினியின் அம்மா மலர்க்கொடி ஒன்று சொல்லிவிட்டாள். அவள் வீடு எனக்கு எதிர்வீடு. பொல்லாதவள் இல்லை, ஆனால் மனதில் பட்டதைத் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் சொல்வாள். "இன்னாக்கா உன் வண்டி இப்டி கத்துது? கத்துற வண்டில புள்ளய அனுப்ப பேஜாரா கீது." மற்ற இரண்டு அம்மாக்களும் தலையாட்டினார்கள். அக்காவின் முகம் வாடிப்போனது.

பேடு வாங்க என்னையும் அழைத்துப்போனார். கல்மண்டபம் பக்கத்தில் காஜா மொய்தீன் பாயின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. பாய் இரண்டு பெட்டிகளைப் பிரித்து வைத்தார்.

"இது சாஃப்ட்டு. சத்தமே வராது, வண்டி போறதே தெரியாது. ஆனா சீக்கிரம் தேயும். இது ஹார்டு, இரும்புத்தூள் கலந்தது. நல்லா கவ்வும். ஆனா கத்தும். நம்ம ஏரியா உப்புக்காத்துக்கு காலைல கொஞ்சம் ஜாஸ்தியாவே கத்தும்."

அக்கா இரண்டையும் கையில் எடுத்தார். திருப்பினார். தடவினார். மூக்கில்கூட வைத்துப் பார்த்தார். புடவைக் கடையில்கூட அவர் இவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததில்லை. கடைசியில், "பாய், உன் புள்ளைங்கள வச்சி ஓட்டுனா நீ எத்த போடுவ?" என்று கேட்டார்.

"ஹார்டுதான். கத்தனா கத்திகினு போவட்டுமே."

அக்கா ஹார்டு பெட்டியை எடுத்தார். பணம் கொடுக்கப் போகும்போது கை நின்றது. மலர்க்கொடி ஞாபகம் வந்திருக்கும். "சத்தம் கேட்டா புள்ளைங்கள அனுப்ப மாட்டாங்க டீச்சர்" என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, பெட்டியைக் கீழே வைத்து சாஃப்ட்டை எடுத்துக்கொண்டார். பாய் தோளைக் குலுக்கிவிட்டுப் பையில் போட்டுக் கொடுத்தார்.

வெற்றி மாட்டிக் கொடுத்தான். கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விடிகாலையில் முதன்முதலாக மிதிக்கும்போது மட்டும் லேசாக ஒரு கீச்சு சத்தம். ராத்திரி உப்புக்காற்று பட்டு அந்தத் தட்டில் செம்பழுப்பாகத் துரு ஏறிவிடும், முதல் மிதியில் அது உரசிப் போகும்போது வருகிற சத்தம், பயப்பட ஒன்றுமில்லை என்றான் வெற்றி. இதை அவன் எங்களிடம் சொன்னான். வாளியோடு வாசலில் நின்ற ஜெரால்ட் அண்ணனிடம் யாரும் சொல்லவில்லை.

பிறகு அந்தக் கீச்சும் நின்றுவிட்டது. கார் பூனை மாதிரிப் போனது. மலர்க்கொடி, "இப்ப சூப்பரா கீதுக்கா" என்று சான்றிதழ் கொடுத்தாள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கு எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஒரு ஸ்பீட் பிரேக்கர் வந்தபோது அவர் கால் அழுத்திய பிறகும் கார் கொஞ்ச தூரம் தன் இஷ்டத்துக்குப் போய்த்தான் நின்றது. ரோட்டைத் தவிர எதையும் பார்க்காதவர் என்னைப் பார்த்தார்.

"டீச்சர், உனக்கு இன்னா தோணுது?"

"நல்லாத்தானே நின்னுச்சி" என்றேன். அவருக்குத் தைரியம் சொன்னேனா, எனக்கே சொல்லிக்கொண்டேனா தெரியவில்லை.

அன்று தொடங்கியது அக்காவின் வதை. தினமும் காலையில் பிரேக் வழுக்கும், போகப் போகக் கொஞ்சம் பிடிக்கும், மறுநாள் காலையில் மறுபடி வழுக்கும். வெற்றி ஒருமுறை ஓட்டிப் பார்த்து, "புது பேடு, கொஞ்சம் ஓடுனா செட் ஆவும்" என்றான். அக்காவுக்கு அது தேறுதலாக இல்லை. பாய் சொன்னதைக் கேட்காமல் ஊர் வாய்க்குப் பயந்து தான் வாங்கிய பேடுதான் காரணம் என்று அவர் மனதில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. முன்னால் போகிற வண்டிக்கு ஒரு லாரி நீளம் இடம் விட்டு ஓட்டினார். அந்த இடத்தில் எவனாவது ஆட்டோவைக் கொண்டுவந்து சொருகுவான். மறுபடி இடம் விடுவார். பின்னால் வருகிறவர்கள் ஹாரனை அழுத்திக்கொண்டே வருவார்கள். மாதா கோவிலுக்குப் போய் வண்டியை மறுபடி மந்திரித்துக்கொண்டு வந்தார். சாமியார், "போன மாசம்தானேம்மா மந்திரிச்சேன்?" என்று கேட்டாராம்.

"வேற பேடு மாத்திடலாமேக்கா" என்றேன்.

"மாத்தனா திரும்ப கத்தும். கத்தனா புள்ளைங்க வராது. புள்ளைங்க வராட்டி இந்தக் கார வச்சிகினு நா இன்னா பண்றது? ஆனா ஏதாவது ஒண்ணு ஆச்சின்னா..." அக்கா முடிக்கவில்லை.

அந்த நாட்களில் காருக்குள் மீன் வாடை வந்துகொண்டுதான் இருந்தது. ராயபுரத்தில் மீன் வாடை வந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? மூக்கைப் பொத்துகிறவனைத்தான் நாங்கள் சந்தேகத்தோடு பார்ப்போம்.

அந்தச் சாயங்காலம் பள்ளி விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஹெப்சிபா ஏதோ பாட்டைத் தப்பாகப் பாட, மற்ற இரண்டும் திருத்திக்கொண்டிருந்தன. டோல்கேட்டைத் தாண்டியதும் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கிற கன்டெய்னர் லாரிகளின் வரிசை இடதுபக்கம் நின்றது. எங்களுக்கு முன்னால் ஒரு காலி டிரெய்லர் போய்க்கொண்டிருந்தது. யாரோ குறுக்கே வந்திருக்க வேண்டும், அது சட்டென்று நின்றது. அக்கா மிதித்தார். நானும் மிதித்தேன். கார் நிற்கவில்லை.

சத்தமும் இல்லை, இழுப்பும் இல்லை. கார் அது பாட்டுக்குப் போனது. டிரெய்லரின் பின்பக்க இரும்பு எங்கள் முகத்துக்கு நேராக இருந்தது. அது பெரிதாகிக்கொண்டே வந்ததுதான் எனக்கு ஞாபகம். அக்கா "மாதாவே" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அவர் கை ஹேண்ட் பிரேக்கைப் பிடுங்குவதுபோல இழுத்தது. கார் குலுங்கி, பின்பக்கம் கொஞ்சம் திரும்பி, நின்றது. என் பக்கத்துக் கண்ணாடிக்கும் அந்த இரும்புக்கும் நடுவில் ஒரு கை நுழையும், அவ்வளவுதான் இடம். டிரெய்லர் கிளம்பிப் போய்விட்டது. அதை ஓட்டியவனுக்குப் பின்னால் என்ன நடந்தது என்றே தெரியாது.

அபின் பின் சீட்டிலிருந்து கைதட்டினான். "ஆன்ட்டி, இன்னொருவாட்டி!"

அந்தக் குழந்தை கைதட்டியதை மட்டும் நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

வண்டியைத் திருப்பி, ஆள் நடக்கிற வேகத்தில் வெற்றியின் ஷெட்டுக்குப் போனோம். பிள்ளைகளை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். வெற்றி முன் சக்கரத்தைக் கழற்றினான். குனிந்து பார்த்தான். பேடைக் கழற்றி விரலால் தேய்த்தான். அது கறுப்பாகப் பளபளத்தது.

"இன்னாக்கா இது? யாரு இதுல எண்ண தடவனது?" விரலை மூக்கில் வைத்தான். "மீன் வாட வேற அடிக்குது. உங்களுக்குப் பழகிப் பூட்ச்சி, தெரியாது. நா கடலுக்குத் தள்ளி மாத்தூர்காரன், எனக்கு ஒடனே தெரியும். தட்டு பூரா எண்ணக்கா, பேடுக்குள்ளயும் ஊறி கீது, சூடேறனா வெளிய கக்கும். இதுல எங்க புடிக்கும் பிரேக்கு?"

என் புத்தி முதலில் போனது ஆட்டோக்காரர்கள் பக்கம். அக்கா கார் ஓட்ட வந்ததில் சவாரி போன இரண்டு பேர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். "எவனோ வேணும்னே பண்ணியிருக்கான்கா, போலீஸ்ல சொல்லலாம்" என்று நான் குதித்தேன். அக்கா அந்தப் பேடை வெற்றியின் கையிலிருந்து வாங்கி முகர்ந்தார். பிறகு அதைத் தரையில் வைத்துவிட்டு, ஷெட்டுக்குப் பின்னால் போய் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அவர் அழுதபோதுதான் எனக்கும் உறைத்தது. இரும்பு கத்தினால் யாருக்குப் பொறுக்காது? காலையில் செம்பழுப்பாகத் துரு ஏறி நிற்கிற தட்டைச் சக்கர ஓட்டைகள் வழியாகப் பார்த்துக்கொண்டு யார் சும்மா இருக்க மாட்டார்? என் வீட்டுத் தாழ்ப்பாளுக்குப் போட்ட அதே எண்ணெய். விடிகாலையில், யாரும் கேட்காமல், அத்தனை ஆசையாகப் போட்டிருக்கிறார்.

"டீச்சர், நீ யார்கிட்டயும் சொல்லக்கூடாது" என்றார் அக்கா.

"சொல்லலன்னா நாளைக்கும் தொடப்பாரேக்கா!"

"தெரியும். அந்த மனுசன் செவுத்த பாத்துகினு உக்காந்திருந்தத நீ ஒரு நாள் பாத்திருப்ப, நா ஒவ்வொரு நாளும் பாத்தேன். இப்பதான் துணிய எடுத்துகினு ஒரு ஆளா வெளிய வர்றாரு. நீதான் புள்ளைங்கள கொல்ல பாத்தன்னு நா எந்த வாயால சொல்றது? சொன்னா அவரு திரும்ப எழுந்துக்க மாட்டாரு."

எனக்கு வந்த கோபம் அக்கா மேலா, அண்ணன் மேலா, தெரியவில்லை.

காரை ஷெட்டிலேயே விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் திரும்பினோம். பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் நடந்ததை நடித்தே காட்டிவிட்டார்கள் போல. மலர்க்கொடி விரித்த தலையோடு ஓடிவந்தாள். அக்கா வாசலில் நின்று, "நா வாங்கன பேடு சரியில்ல மலரு. பாய் சொன்னத கேக்காம நாந்தான் தப்பானத வாங்கிட்டேன்" என்றார். ஜெரால்ட் அண்ணன் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மலர்க்கொடி ஒரு வார்த்தை திட்டவில்லை. "இனிமே நா பஸ்ஸுல கூட்டிகினு போறேன்க்கா" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் சனிக்கிழமை காலை அக்கா புருஷனைக் கிளப்பினார். "பேடு வாங்கணும், வாய்யா."

"காரப் பத்தி எனக்கு இன்னா தெரியும்? டீச்சர கூட்டிகினு போ."

"போன தபா நா வாங்கி இன்னா ஆச்சி? இரும்பு உனக்குத் தெரியாதா? நீயே பாத்து எடு."

அண்ணன் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். நானும் கூடப் போனேன். அக்காவின் திட்டம் என்ன என்று எனக்குப் புரியவில்லை. மறுபடியும் பழியைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொள்ளப் போகிறார் என்று நினைத்து வழியெல்லாம் உள்ளுக்குள் பொருமிக்கொண்டே போனேன்.

காஜா மொய்தீன் பாய் அதே இரண்டு பெட்டிகளைப் பிரித்தார். அண்ணன் கையை நீட்டினார். காலையில் எங்கேயோ எதற்கோ எண்ணெய் போட்டுவிட்டு வந்த கை, விரல் நுனிகள் மின்னின. பாய் பேடைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

"கைய தொடச்சிட்டு புடிண்ணே. இதுல மட்டும் எண்ண பட்றக்கூடாது. பட்டா அவ்ளோதான், மிதிச்சா நிக்காது."

அண்ணன் நீட்டிய கை அப்படியே நின்றது. "பேடுலயா?"

"பேடுலயும்தான், அது புடிக்கிற தட்டுலயும்தான். ரெண்டும் காஞ்சி இருந்தாதான் கவ்வும்."

"தட்டு துரு புடிச்சிருந்தா?"

"புடிக்கட்டுமே. ஒரு மிதி மிதிச்சா பூடும்."

அண்ணன் மெதுவாக அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா சுவரில் தொங்கிய வைப்பர்களை, வாங்கப் போகிறவர் மாதிரி, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முதுகு மட்டும் விறைத்திருந்தது. மனிதர் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். முகத்தில் ரத்தமே இல்லை. அங்கேயே சரிந்து உட்கார்ந்துவிடுவார் என்று பயந்து நான் ஒரு ஸ்டூலைக்கூட இழுத்தேன். அவர் உட்காரவில்லை. கடையில் கிடந்த பழந்துணியை எடுத்தார். கையைத் துடைத்தார். மறுபடி மறுபடி துடைத்தார். பிறகு கேட்டார்.

"பாய், எது நல்லா கத்தும்?"

"எதுண்ணே?"

"கத்துறது. கீறதுலயே நல்லா கத்துறது எது? அத்த குடு."

பாய் சிரித்தேவிட்டார். இத்தனை வருஷ வியாபாரத்தில் இப்படிக் கேட்டு வாங்கியவர் யாரும் இல்லையாம். அண்ணன் சிரிக்கவில்லை. ஹார்டு பெட்டியை வாங்கி, கைபடாமல், சட்டையின் மடிப்பில் பிடித்துக்கொண்டு வந்தார்.

அக்கா எதிர்பார்த்தது அதோடு முடிந்தது. சண்டையில்லாமல், யார் வாயாலும் குற்றம் சொல்லப்படாமல் விஷயம் அண்ணன் காதுக்குப் போய்விட்டது. ஆனால் அண்ணனுக்கு அது அதோடு முடியவில்லை. அன்று மத்தியானம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், எதிர்வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். படி ஏறவில்லை.

"மகிழினி அம்மா, பேடு மேல தப்பு இல்ல. டோரதி மேலயும் இல்ல. தட்டுல எண்ண போட்டது நானு. கத்தக்கூடாதுன்னு போட்டேன். எனக்குத் தெரியாது. நேத்து உங்க புள்ளைங்க உயிரோட திரும்பனது அவ ஓட்டனதாலதான்."

விரலில்லாத கையை எப்போதும் பாக்கெட்டுக்குள் மறைத்துக்கொண்டு பேசுகிறவர், அன்றைக்கு இரண்டு கைகளையும் தொங்கவிட்டு நின்றார். மலர்க்கொடி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கத்தினால் ஓடிப்போய்த் தடுக்கலாம் என்று நான் செருப்பைக்கூட மாட்டிவிட்டேன்.

"கத்துதுன்னு நாந்தானேண்ணா சொன்னேன்" என்றாள் அவள், கடைசியில்.

மற்ற இரண்டு வீடுகளுக்கும் அண்ணன் போனார். ஹெப்சிபாவின் அம்மா சரியென்றுவிட்டாள். அபினின் அம்மா முடியாது என்றுவிட்டாள், அபின் இன்றைக்கும் பஸ்ஸில்தான் வருகிறான். எனக்கு அவள் மேல் கோபம் உண்டு. ஆனால் அவன் கைதட்டியது ஞாபகம் வரும்போது அந்தக் கோபம் நிற்க மாட்டேன் என்கிறது.

புது பேடு கத்துகிறதே, அதைக் கத்தல் என்று சொன்னால் போதாது. காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர்களே திரும்பிப் பார்க்கிறார்கள். முதல் வாரம் நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன். மலர்க்கொடி இப்போதெல்லாம் சத்தம் கேட்டதும் மகிழினியைக் கீழே இறக்கிவிடுகிறாள். அண்ணன் காரை இன்னும் துடைக்கிறார், வெறும் தண்ணீரில். சக்கரத்தின் பக்கம் போவதில்லை. எண்ணெய் பாட்டிலைப் படகு பழுது பார்க்கிற யாருக்கோ கொடுத்துவிட்டார். என் தாழ்ப்பாள் மறுபடி கிறீச்சிட ஆரம்பித்துவிட்டது, நான் ஒன்றும் சொல்லவில்லை.

போன வாரம் லாரிகள் ஸ்டிரைக். எக்ஸ்பிரஸ் ரோடு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பள்ளியிலிருந்து சீக்கிரமே திரும்பிவிட்டோம். சந்து முனையில் வழக்கமாக ஒரு தள்ளுவண்டியோ மாடோ நிற்கும், அன்று யாருமில்லை. அக்கா மிதிக்காமலே வண்டியைத் திருப்பினார். பாதிச் சந்துக்கு வந்திருப்போம், ஜெரால்ட் அண்ணன் சட்டையில்லாமல், செருப்பில்லாமல், கையில் டீ வடிகட்டியோடு எதிரே ஓடிவந்தார். அக்கா பதறி மிதித்தார். கார் வீலென்று கத்தி நின்றது.

அண்ணன் பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"இன்னாத்துக்குடி மொனையாண்ட சத்தம் வரல?"

"யாரும் குறுக்க வரலய்யா, மிதிக்கல."

"வராட்டி இன்னா? ஒருவாட்டி மிதிச்சிட்டு வா. நா வூட்ல கேட்டுகினு கீறேன்ல."

அக்கா சரியென்று தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேண்டுமென்றே இன்னொருமுறை மிதித்துக் காட்டினார். அன்றிலிருந்து முனையில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு மிதி மிதிக்கிறார். முன் சீட்டில் நானும் மிதிக்கிறேன்.